சிட்டைப் புத்தகமும் ஆனந்தரங்கப் பிள்ளையும்

பி.காம். முதல் வருஷம் அக்கவுண்டன்சி வகுப்பில் எங்கள் சார் கரும்பலகையில் எழுதிய முதல் சொல் 'ஜர்னல்'. நடந்ததை நடந்த தேதியில், நடந்த வரிசையில் எழுது. தலைப்பு தலைப்பாகப் பிரித்து லெட்ஜரில் ஏற்றும் வேலையெல்லாம் அப்புறம். அன்றைக்கு எனக்கு அது வெறும் அஞ்சு மார்க் கேள்வி. ஜர்னல் என்றால் டைரி என்றும் அர்த்தம் உண்டே, ஏன் இரண்டுக்கும் ஒரே பெயர் என்று தோன்றவே மூன்றாவது வருஷம் ஆகிவிட்டது. (நாம கொஞ்சம் ட்யூப் லைட்டு!)

பிரெஞ்சில் 'ஜூர்' என்றால் நாள். அதிலிருந்துதான் ஜர்னல். ஆனால் விஷயம் வெறும் சொல் ஒற்றுமையோடு முடியவில்லை. 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பாசியோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி ஒரு பெரிய கணிதப் புத்தகம் அச்சிட்டார். இரட்டைப் பதிவு முறையைப் பற்றிய முதல் அச்சுப் புத்தகம் என்று நாங்கள் மனப்பாடம் செய்வோமே, அதேதான். பாடப்புத்தகத்தில் விட்டுப்போன ஒரு விஷயம், பாசியோலி ஜர்னலுக்கும் முன்னால் இன்னொரு நோட்டு வைக்கச் சொல்கிறார். அதன் பெயர் மெமோரியாலே. ஞாபகப் புத்தகம். வீட்டுக்காரர், அவர் மனைவி, கடைப் பையன் யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். எந்த ஊர்க் காசாக இருந்தாலும் அப்படியே எழுதலாம். ஒரே நிபந்தனை, நடந்தவுடன் எழுத வேண்டும். அதிலிருந்து ஜர்னல், ஜர்னலிலிருந்து லெட்ஜர். மெமோரியாலே என்ற சொல்லும் மெமாயர் என்ற சொல்லும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

ஆங்கிலேய வியாபாரிகள் இந்த முதல் நோட்டை 'வேஸ்ட் புக்' என்றார்கள். ஜெர்மனியில் லிச்டன்பெர்க் என்றொரு பௌதிகப் பேராசிரியர் (1742-1799) தனக்குத் தோன்றியதையெல்லாம் கிறுக்கி வைத்த நோட்டுகளுக்கு, இந்த ஆங்கிலேய வியாபாரிகளின் வழக்கத்தைச் சொல்லியே அதே மாதிரி ஒரு பெயர் வைத்தார். நம்ம ஊர்க் கடைகளில் அது சிட்டை. அங்கிருந்து நாள்வழி, அங்கிருந்து பேரேடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தினமும் தோன்றியதை எழுதிக்கொண்டே போனால் அது ஒரு மனிதனின் சுயசரிதை ஆகுமா? நமக்கு இதற்கு ஒரு பெரிய உதாரணம் கையிலேயே இருக்கிறது. அவரும் ஒரு வியாபாரிதான்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை. பிரெஞ்சுக் கம்பெனியில் தலைமைத் துபாஷியாக இருந்த நயினியப் பிள்ளை அப்பாவின் மைத்துனர். அவர் கூப்பிட்டுத்தான் குடும்பம் புதுச்சேரிக்கு வந்தது. துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவன். வெறும் மொழிபெயர்ப்பாளன் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பெனிக்கு வேண்டிய துணியை நெசவாளர்களிடமும் வியாபாரிகளிடமும் பேசி முடிப்பது, அரண்மனைகளுக்குக் கடிதம் எழுதுவது, ஊர்ப் பஞ்சாயத்து, கவர்னரின் சொந்த வியாபாரம் எல்லாம் இந்த ஆள் வழியாகத்தான். ஆனந்தரங்கரும் பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் கிடங்கைப் பார்த்துக்கொண்டார். பாக்கு, துணி என்று சொந்த வியாபாரமும் செய்தார். 'ஆனந்தப் புரவி' என்று ஒரு கப்பலே வைத்திருந்தார்.

1736 செப்டம்பர் 6. நள வருஷம் ஆவணி மாதம். அன்றைக்கு அவருக்கு வயது 27. கணக்குப் புத்தகம் மாதிரி ஒரு நோட்டில் எழுத ஆரம்பிக்கிறார். கேள்விப்பட்டது, நேரில் பார்த்தது, கப்பல்களின் வரவு போக்கு, புதுசாக ஏதாவது நடந்தால் அது - இவைதான் இந்த நோட்டில் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். இந்தப் பட்டியலில் 'நான்' இல்லை, கவனித்தீர்களா? என் மனசு, என் வாழ்க்கை, என் அனுபவம் எதுவும் கிடையாது. கப்பல் வருமா வராதா என்பதுதான் முதல் கவலை. ஒரு கப்பல் வந்தால் சரக்கு விலை மாறும், கடிதம் வரும், சில சமயம் கவர்னரே மாறுவார். வந்த கப்பலுக்குக் கோட்டையில் எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று கூட எண்ணி எழுதியிருக்கிறார்.

இப்படி ஆரம்பித்தது 1761 வரைக்கும் ஓடியது. இருபத்து நாலு வருஷத்துக்கு மேல்! லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் எழுதியது 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை, ஒன்பதரை வருஷம். கண் போய்விடும் என்ற பயத்தில் நிறுத்திவிட்டார். நம் ஆளைச் சிலர் 'இந்தியாவின் பெப்பீஸ்' என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெப்பீஸ் யாருக்கும் புரியக்கூடாது என்று சுருக்கெழுத்தில், தன் மனைவிக்குத் தெரியக்கூடாத சமாச்சாரங்களையெல்லாம் எழுதினார். பிள்ளை அந்தப் பக்கமே போகமாட்டார். அவர் நோட்டில் வீட்டு அந்தரங்கத்தை விட கோட்டை வாசலின் அந்தரங்கம்தான் அதிகம்.

படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது பேச்சு. பக்கம் பக்கமாகப் பேச்சு. துரை இப்படிக் கேட்டார், நான் இப்படிச் சொன்னேன், அதற்கு அவர் இப்படிச் சொன்னார். டூப்ளே 1742-ல் கவர்னராக வந்த பிறகு இது இன்னும் அதிகமாகிறது. அந்த உரையாடல்களில் பிள்ளை டூப்ளேயைப் புகழ்கிறார், டூப்ளே பிள்ளையைப் புகழ்கிறார். உண்மையிலேயே எல்லா நாளும் அப்படியா நடந்திருக்கும் என்று நமக்குச் சிரிப்பு வரும். ஒரு மனிதன் ராத்திரி உட்கார்ந்து, இன்று நம்மைப் பெரியவர் பாராட்டினார் என்று தனக்குத்தானே எழுதிக்கொள்வதை நினைத்துப் பாருங்கள். பாவமாகவும் இருக்கிறது.

ஏன் எழுதினார்? என் ஊகம் ஒன்று சொல்கிறேன், தப்பாகவும் இருக்கலாம். நயினியப் பிள்ளை என்ன ஆனார் தெரியுமா? கவர்னர் எபேர் காலத்தில் அவர் மேல் குற்றம் சாட்டி ஜெயிலில் போட்டார்கள். 1717-ல் ஜெயிலிலேயே செத்துப்போனார். அவர் பிள்ளை குருவப்பா பிரான்சு வரைக்கும் கப்பலில் போய் நியாயம் கேட்க வேண்டியிருந்தது. அங்கே கிறிஸ்தவராகி, செவாலியே பட்டத்தோடு திரும்பி வந்து அவரும் துபாஷி ஆனார். அப்பாவின் மைத்துனர் ஜெயிலில் செத்தபோது ஆனந்தரங்கருக்கு எட்டு வயசு. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பையன், யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? எங்கள் ஆடிட்டிங் சாரின் பாஷையில் சொன்னால், வவுச்சர்!

1746 பிப்ரவரியில் அப்போதைய துபாஷி கனகராய முதலியார் இறந்துபோகிறார். அந்த இடம் யாருக்கு? முதலியார் கிறிஸ்தவர். அடுத்தவரும் கிறிஸ்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று பாதிரிமார்கள் ஒரு பக்கம். டூப்ளேயின் மனைவி ழான் ஒரு பக்கம். அந்த அம்மாளுக்கும் பிள்ளைக்கும் ஆகவே ஆகாது. வேலை எல்லாம் பிள்ளை தலையில், பதவி மட்டும் கையில் வரவில்லை. இந்த மாதங்களின் குறிப்புகளைப் படித்தால் பிளேஸ்மென்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்களுக்கு அப்படியே புரியும். எனக்குப் பதவி ஆசையெல்லாம் இல்லை என்பார். அடுத்த பக்கத்திலேயே யார் யாரைப் பார்த்தார்கள், எவ்வளவு பணம் கொடுப்பதாகச் சொன்னார்கள் என்று விசாரித்து எழுதியிருப்பார்.

இங்கே ஒரு வேடிக்கை. அவர் உயிரோடு இருந்தபோதே அவரைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து நூல்கள் எழுதப்பட்டன. தமிழில் தியாகராய தேசிகர் எழுதிய 'ஆனந்தரங்கன் கோவை'. சமஸ்கிருதத்தில் சீனிவாச கவி எழுதிய 'ஆனந்தரங்க விஜய சம்பு'. தெலுங்கில் கூட ஒன்று உண்டு. அதிலெல்லாம் அவர் ராஜா, வள்ளல், வீரன். அதே ஆள் தன் நோட்டில், இன்றைக்குத் துரை முகம் கொடுத்துப் பேசவில்லையே என்று கவலைப்படுகிறார். கவிஞர்களுக்குப் பரிசு கொடுத்து எழுத வைத்த வாழ்க்கை ஒன்று, தானே எழுதிய வாழ்க்கை ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பாக்கியம் எத்தனை சரித்திர மனிதர்கள் விஷயத்தில் நமக்குக் கிடைக்கும்?

இனி நான் ரொம்ப நாள் யோசித்த இடம். 1748 செப்டம்பர். அட்மிரல் போஸ்காவென் தலைமையில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை முற்றுகை போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு ஜென்மராக்கினி மாதா கோயில் இருக்கும் இடத்தில் அன்றைக்கு இயேசு சபைப் பாதிரிமார்களின் சம்பா கோவில். அதற்குப் பக்கத்திலேயே வேதபுரீஸ்வரர் கோயில். அதை இடிக்க வேண்டும் என்று பாதிரிமார்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முந்தைய கவர்னர்கள் ஊர் கலைந்துவிடும் என்று தயங்கினார்கள். 1746-ல் கோயிலுக்குள் அசிங்கத்தை வீசி எறிந்த சம்பவமும் இதே குறிப்புகளில் இருக்கிறது. யுத்த சமயத்தில் வாய்ப்புக் கிடைத்தது. சிப்பாய்களைக் காவலுக்கு நிறுத்தி, கூலியாட்களை வைத்து இடித்தார்கள்.

கோயில் ஆட்கள் ஓடி வந்தது யாரிடம்? பிள்ளையிடம். ஊரிலேயே கவர்னரிடம் நேரே போய்ப் பேசக்கூடிய தமிழர் அவர்தான். பிள்ளை என்ன செய்தார்? உற்சவ மூர்த்திகளையாவது பத்திரமாக வேறு கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்கிறார். அவ்வளவுதான்.

அன்றைய குறிப்பு ரொம்ப நீளம். உள்ளே என்னென்ன நடந்தது, யார் எதை உதைத்தார்கள் என்று எழுதுகிறார். டூப்ளே மனைவியைத் திட்டுகிறார். பாதிரிமார்களைத் திட்டுகிறார். ஊராரிடம் ஒற்றுமை இல்லை, முன்கூட்டியே சேர்ந்து நின்றிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அவர்களையும் திட்டுகிறார். எல்லோரையும் திட்டிக்கொண்டே போகும்போது நமக்குத் தெரிந்துவிடுகிறது, இவர் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்டவர் யாரும் இல்லை. அந்த நோட்டைப் படிக்கவும் அன்றைக்கு யாரும் இல்லை.

பிள்ளை எழுபது வயதில் உட்கார்ந்து நிதானமாகச் சுயசரிதை எழுதியிருந்தால் இந்த நாள் எப்படி வந்திருக்கும்? ஒன்று, நான்கு வரியில் தாண்டியிருப்பார். இல்லையென்றால் துரையிடம் தைரியமாக எதிர்த்துப் பேசியதாக ஒரு வாக்கியம் முளைத்திருக்கும். அவர் பொய்யர் என்று சொல்லவில்லை. இருபது வருஷம் கழித்து நாம் எல்லோருமே அந்த வாக்கியத்தை நிஜமாகவே நம்பி எழுதுவோம். அன்றன்றைக்கு எழுதியதால் சாக்குகள் சாக்குகளாகவே நின்றுவிட்டன, ஈரம் காயாமல்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. 1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தபோது தாத்தாவுக்கு வயது 84. 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது கதை 1899 வரைதான் வந்திருந்தது. அதில் 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டு, கடைசியில் சிந்தாமணியில் வந்து நிற்கிறாரே, அந்தச் சந்திப்பு. படிக்கும் நமக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஏனென்றால் எழுதும் தாத்தாவுக்கு முடிவு தெரியும். 1887-ல் சிந்தாமணி அச்சாகும், அதற்குப் பின்னால் எத்தனை ஏடுகள் வரும் என்று தெரியும். அன்றைய ராத்திரி டைரி எழுதியிருந்தால்? புதிதாக வந்த முன்சீப் ஒருவரைப் பார்த்தேன், அவ்வளவாக மதிக்கவில்லை என்று முடிந்திருக்குமோ என்னவோ. அது பேரேடு, இது சிட்டை. பேரேடு இல்லாமல் லாப நஷ்டம் தெரியாது. ஆனால் பேரேட்டில் சந்தேகம் வந்தால் எந்த ஆடிட்டரும் திரும்பிப் போவது சிட்டைக்குத்தான்.

ஒன்றைச் சொல்லாவிட்டால் நேர்மை இல்லை. தினக்குறிப்பு என்றாலே மனசிலிருந்து நேரே கொட்டியது என்று நானும் நினைத்தேன். அப்படி இல்லை. பெப்பீஸ் முதலில் துண்டுக் குறிப்பு எடுத்து வைத்து, சில சமயம் நாட்கள் கழித்து நல்ல பிரதி எழுதியிருக்கிறார் என்று கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். பிள்ளையின் குறிப்பும் எல்லாமே அவர் கைப்பட எழுதியது அல்ல. குமாஸ்தாக்களை வைத்தும் எழுதியிருக்கிறார். இடையிடையே பல மாதங்கள் இல்லை. சில தொகுதிகள் தொலைந்தும் போயின.

கடைசி வருஷங்களைப் படிப்பது கஷ்டம். 1754-ல் டூப்ளே பிரான்சுக்குத் திரும்பிப் போகிறார். 1756-ல் பிள்ளையின் பதவியும் போகிறது. உடம்பு சரியில்லை. கம்பெனியிடமிருந்து வர வேண்டிய பணம் வரவில்லை. அப்படியும் எழுதுகிறார். 1760-ல் மறுபடி ஆங்கிலேயர் முற்றுகை, ஊருக்குள் பஞ்சம். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுகிறது. அதே ஜனவரியில் பிள்ளையும் காலமாகிறார். அவர் வீட்டு ஆட்கள் அதற்குப் பிறகும் குறிப்பு எழுதுவதை விடவில்லை. ஊரில் வேறு சிலருக்கும் இந்தப் பழக்கம் தொற்றியது. இரண்டாம் வீரா நாயக்கர் என்ற காவல் அதிகாரி 1778 முதல் 1792 வரை எழுதியது நமக்குக் கிடைத்திருக்கிறது.

நோட்டுகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. 1846-ல் கலுவா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துப் பிரதி எடுத்தார். ஆரியேல் என்ற இன்னொருவர் எடுத்த பிரதி பாரீஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. 1894-ல் பிரெஞ்சில் சில பகுதிகள் வந்தன. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் போட்டது. தமிழன் தமிழில் எழுதியது தமிழில் அச்சாக ஆரம்பித்தது எப்போது? 1948-ல்! 12 தொகுதிகளும் ஒரு வரிசையாக, மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்து, அகநி வெளியீடாக வந்தது 2019-ல். பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டு நாவல்களையும் எழுதியிராவிட்டால் நம்மில் பாதிப் பேருக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது. எனக்கும்தான்.

புதுச்சேரி போனால் பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதியில் அவர் வீடு இருக்கிறது, 1738-ல் கட்டியது. கீழே நம்ம ஊர் மரத்தூண், மேலே ஐரோப்பியப் பாணித் தூண். ஆளும் அப்படித்தானே இருந்தார்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த பொங்கல் லீவில் ஊருக்குப் போனேன். எங்கள் தாத்தா விருதுநகர் பக்கம் மல்லி, வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். பரண் மேல் சிவப்புத் துணி பைண்டிங் போட்ட அவர் சிட்டை நோட்டுகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. பழைய பேப்பர்காரனுக்குப் போடலாம் என்று அப்பா எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் முதல் பக்கம் பிள்ளையார் சுழி, லாபம். உள்ளே வத்தல் 12 மூடை, வண்டி வாடகை, கூலி, டீ. நடுநடுவே, 'மழை, கடை சாத்தியாச்சு' என்று ஒரு வரி. 'மதுரை பார்ட்டி வரல' என்று ஒரு வரி. சாதாரணமாகப் புரட்டிக்கொண்டே வந்தேன்.

ஒரு நோட்டில், 1967 ஐப்பசி, 'தம்பி ஆஸ்பத்திரி செலவு 35' என்று பற்று. மறுநாள் 'ஆஸ்பத்திரி 20'. அடுத்த நாள் தேதி மட்டும் போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு பதினொரு பக்கம் காலி. பன்னிரண்டாவது பக்கத்தில் மறுபடி பிள்ளையார் சுழி, லாபம், மல்லி 8 மூடை.

எங்கள் அப்பாவுக்குத் தம்பி கிடையாது. அதாவது, கிடையாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நோட்டை எடுத்துக்கொண்டு போய் அப்பத்தாவிடம் காட்டினேன். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் காலிப் பக்கங்களை மெல்லப் புரட்டிவிட்டு, "ஏய்யா, இதெல்லாம் இன்னுமா கெடக்கு?" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "உங்க தாத்தா அன்னைக்குக் கூட கடைக்குப் போயிட்டு வந்தாரேன்னு நான் ரொம்ப நாள் பேசல" என்றது.

சாக்கை நான் ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. இதுவரை நாலு நோட்டு முடித்திருக்கிறேன், இன்னும் பதினேழு இருக்கிறது.